மருந்து வைக்கிறவன்

பத்துமலைக்கு மரங்களைக் கொல்லும் வேலை. அப்படிச் சொன்னால் அவனுக்கே பிடிக்காது. "மரத்துக்கு மருந்து வைக்கிறேன்" என்றுதான் சொல்வான். கேட்கிறவர்களும், நோய் கண்ட மரங்களை எல்லாம் இவன் குணப்படுத்திவிட்டு வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஒரு சொல்லால் அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமென்றால் நமக்கென்ன நஷ்டம்?

ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானுக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது அந்த ரிசர்வ் காடு. அரசாங்கம் காப்பாற்றுகிற காடு. உள்ளே நுழைய அனுமதி வேண்டும், ஒரு பிரம்பு வெட்ட அனுமதி வேண்டும், ஆற்றில் தூண்டில் போட அனுமதி வேண்டும். அவ்வளவு காபந்து. ஆனால் பெரிய மரங்கள் எல்லாம் எப்போதோ லோரி ஏறிப் போய்விட்டன. அவற்றின் காலடியில் முளைத்த மெராந்தி மரக் கன்றுகள்தான் இனிமேல் சொத்து. பேரன் காலத்தில் வெட்டி விற்கலாம் என்று யாரோ மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள். கன்றுக்கு வெயில் வேண்டும். வெயிலை மறைக்கிற கோணல் மரம், பொந்து மரம், விலைபோகாத சாதி மரம் எல்லாம் சாக வேண்டும். வெட்டிச் சாய்த்தால் கன்று நசுங்கிப்போகும். ஆகவே நின்ற நிலையிலேயே சாகடிக்க வேண்டும்.

அதற்குத்தான் பத்துமலை போன்றவர்கள். இடுப்புயரத்தில் மரத்தைச் சுற்றிலும் கோடாலியால் கொத்திப் பட்டையை வாய் பிளக்க வைப்பார்கள். மூக்கு வைத்த தகர டின்னிலிருந்து அந்தப் பிளவுக்குள் மருந்தை ஊற்றுவார்கள். கொஞ்ச நாளில் இலை கொட்டும், பிறகு கிளை கொட்டும், கடைசியில் மரம் வெறும் எலும்பாக நிற்கும். அடேயப்பா, காட்டைக் காப்பாற்றுவதற்கு இப்படியும் ஒரு வழி!

மருந்து ஒன்றும் புதிதில்லை. தோட்டத்தில் லாலான் புல்லுக்கு அடிக்கிற அதே சரக்குதான். பதினாலாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன் பத்துமலை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்ததும் காட்டு வேலைக்கு வந்தான். புல்லுக்கு அடிப்பதும் மருந்துதான், பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், ஆஸ்பத்திரியில் குப்பியில் தருவதும் மருந்துதான். இதில் என்ன வித்தியாசம் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் நின்று யோசித்ததில்லை.

யோசித்தவர் ஒருவர் உண்டு. ரேஞ்சர் ஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், வெள்ளைக் கால்சட்டையில் சேறு படாமல் காட்டுக்குள் நடக்கக் கற்றவர். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஆட்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

"இதுக்குப் பேர் மருந்தில்லை, நஞ்சு. கை கழுவாமல் சோறு தின்னக் கூடாது. உள்ளுக்குப் போனால் வயிறு எரியும், வாய் உள்ளிப்பூடு மணக்கும். அப்பிடி ஏதும் நடந்தால் உடனே என்னட்டை ஓடி வரோணும். ஈப்போவிலை இதுக்கு ஊசி இருக்கு. விளங்கிச்சோ? இன்னொண்டு. நஞ்சு உப்புக் கரிக்கும், விலங்குகள் வந்து நக்கும். ஊத்தின உடனே பிளவைச் சேறு பூசி மூடோணும். செத்துக் கிடக்கிற எதையும் தொடக் கூடாது. எனக்குச் சொல்லோணும், குழி வெட்டித் தாட்டுப்போடோணும். காட்டுக்குள்ளை இருந்து ஒரு செத்த ஈயைக்கூட வெளியிலை கொண்டுபோகக் கூடாது."

அவர் போனதும் கூட வேலை செய்த ராஜு சிரித்தான். "நஞ்சுன்னு சொன்னா கையி நடுங்குது லா அண்ணே. மருந்துன்னே சொல்லுவோம்."

மருந்தென்றே சொன்னார்கள். சேறு பூசுகிற வேலை முதல் வாரத்தோடு நின்றது. இத்தனை மரம் முடித்தால்தான் கூலி என்று கொந்தராக்டர் சொல்லிவிட்ட பிறகு, ஆற்றுக்கு இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டு வர யாருக்கு நேரம்? யாரும் பூசவில்லை. பத்துமலையும் பூசவில்லை.

ரேஞ்சரிடம் அவனுக்குப் பயம் அதிகம். காரணம் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. பிறந்தது இந்த மண்ணில்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. பெற்றவர்களுக்கு எழுதத் தெரியாது, எழுத வேண்டும் என்றும் தெரியாது. சிவப்பு ஐசிக்காரன் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் போனால் வேலை போயிற்று, வேலை போனால் நாடு போயிற்று. போன வருஷம் சீனி என்பவன் காட்டிலிருந்து ஓர் உடும்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தான். ரேஞ்சர் பார்த்துவிட்டார். கொஞ்ச நாளில் சீனிக்குப் பெர்மிட் இல்லை. கப்பலேறி, பெற்றவர்கள் விட்டுவந்த, அவன் பார்த்தே இராத நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். உடும்புக்காக ஒருவனை நாடு கடத்திவிட்டார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து ரேஞ்சரின் ஜீப் சத்தம் வந்தாலே பத்துமலை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வான்.

இந்த நிலைமையில்தான் ஆடி மாதம் அவன் மனைவி நவமணிக்குப் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த ஆண் பிள்ளை. பிள்ளை நன்றாக இருந்தது, தாய்தான் வெளுத்துப்போய்க் கிடந்தாள். ரத்தம் நிறையப் போய்விட்டது. உதடு சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஈரல் வாங்கிக் குடு, தெனமும் குடு" என்றாள்.

ஈரலுக்கு எங்கே போவது? ஆடித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, ஆடுகளை எல்லாம் கோயிலுக்கென்று பேசி வைத்துவிட்டார்கள். பாதி லயம் தீமிதிக்குக் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தது. நவமணியின் அக்கா காளியம்மாவும் விரதம். பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். வாசல்வரை வந்து தங்கைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுப்பாள், கறிச்சட்டி இருக்கிற அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். பத்துமலை தம்பூன் சந்தைவரை சைக்கிள் மிதித்தும் வெறுங்கையோடுதான் வந்தான்.  ஏழு வருஷம் காத்திருந்து பிள்ளையைக் கொடுத்தவளுக்கு ஒரு துண்டு ஈரல் கொடுக்க முடியவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அப்படி இருக்கும்போது அந்த மான் எதிரில் வந்து நின்றது.

ஆற்றில் கை கழுவ இறங்கியபோது பார்த்தான். கீஜாங் என்கிற சின்னச் சாதி மான், ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. வாயிலிருந்து நீர் ஒழுகியது. அவனைப் பார்த்தது, ஓடவில்லை. ஓடாத மானை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்? பத்துமலைக்கும் அது தோன்றாமல் இல்லை. எதிர்க்கரையில் நேற்றே மருந்து வைத்தாயிற்று. இந்தக் கரையில் இன்னும் வைக்கவில்லை. மானுக்கு ஆற்றைத் தாண்டத் தெரியாதா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்தியடித்தான். முனியாண்டி கண் திறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டான். கோடாலியின் பின்பக்கத்தால் ஒரே அடி.

ஈரலையும் குடலையும் மட்டும் எடுத்து வாழையிலையில் சுற்றிச் சோற்றுத் தூக்கின் அடியில் வைத்தான். மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தான். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு வயிற்றுவலி என்று வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

நவமணி பாயிலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். "என்னாய்யா இது, ஆட்டு ஈரலு இம்புட்டுக் கருப்பா இருக்கு?"

"சத்தம் போடாத. மானு."

"அய்யய்யோ! ரேஞ்சருக்குத் தெரிஞ்சா ஒன்னையும் கப்பல் ஏத்திருவாங்களே!"

"தெரிஞ்சாத்தான? யாருகிட்டயும் மூச்சு விடாத. ஒங்கக்காகிட்டக்கூட."

"நான் ஏன்யா சொல்லப் போறேன்?" என்று சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். "பிள்ள பெத்தாத்தான் மானு கெடைக்கும்னா, வருசத்துக்கு ஒன்னு பெத்துக் குடுக்கறேன் போ."

அவனே மிளகு அரைத்தான், பூண்டு உரித்தான், குடலைப் பல தண்ணீரில் அலசினான். அவனே ஆக்கினான். ஆக்கிய அவ்வளவையும் அவளுக்கே போட்டான். அவள் ஊட்டிவிட வந்தபோதுகூட, "நீ தின்னு, ஒனக்குத்தான் ரத்தம் வேணும்" என்று கையைத் தள்ளிவிட்டான். எல்லாம் பாசம்தான். பாசம் மட்டும்தானா என்று அவனை யாரும் கேட்டதில்லை. பிற்பாடு அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான்.

அவள் சாப்பிட்டு முடித்தபோது எதிர் வீட்டு இருளாயி ஒரு கிண்ணத்தில் சுறாப்புட்டு கொண்டுவந்து வைத்தாள். இருளாயிக்கும் இடுப்பில் கைக்குழந்தை. தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கும் நவமணிக்கும் போன மாதம் நடந்த சண்டையை லயமே வேடிக்கை பார்த்தது. "கோவத்த எல்லாம் மனசுல வச்சுக்காத. சுறாப்புட்டு தின்னா பாலு ஊறும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நவமணி அதிலும் இரண்டு வாய் தின்றாள்.

சாயங்காலம் வாந்தி ஆரம்பித்தது.

முதல் வாந்திக்குப் பத்துமலை ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்தடுத்து வந்தது. பிறகு வயிறும் போக ஆரம்பித்தது, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. "எரியுதுய்யா, நெஞ்செல்லாம் எரியுது" என்று சுருண்டாள். முகத்தைத் துடைக்கக் குனிந்தவனுக்கு அவள் வாயிலிருந்து பூண்டு வாசம் அடித்தது. ரேஞ்சர் சொன்ன உள்ளிப்பூடு ஞாபகம் வந்தது.

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு வந்த காளியம்மா தங்கையைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்னாச்சு தம்பி இவளுக்கு?"

"பூண்டு மணக்குதுக்கா. வாயில பூண்டு மணக்குது."

"பிள்ள பெத்தவ வாயில பூண்டு மணக்காம மல்லிப்பூவா மணக்கும்? என்னத்தத் தின்னா, அதச் சொல்லு."

சொல்ல வேண்டியதுதானே? மான் ஈரல் என்று இரண்டே சொல். சொன்னால் காளியம்மா ஊரைக் கூட்டுவாள், ஊருக்குத் தெரிந்தால் மண்டோருக்குத் தெரியும், மண்டோருக்குத் தெரிந்தால் ரேஞ்சருக்குத் தெரியும். கப்பல் கண்முன்னால் வந்து நின்றது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான்.

"மருந்து உள்ள போயிருச்சோன்னு பயமா இருக்குக்கா."

காளியம்மாவின் முகம் மாறிவிட்டது. "மருந்தா?" என்றாள். குரல் தாழ்ந்து போயிற்று. "மருந்து வச்சுட்டாளா?"

அப்போதுதான் பத்துமலைக்கு, தான் சொன்ன சொல் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. சோற்றில் கலந்து கொடுத்து ஆளை மயக்குவதற்கும், பகையாளியை உருக்கிச் சாகடிப்பதற்கும் வைப்பதும் மருந்துதான். லயத்தில் மருந்து உள்ளே போயிற்று என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்த மருந்துதான் ஞாபகம் வரும். காளியம்மாவின் பார்வை நேராக அந்தப் புட்டுக் கிண்ணத்தில் போய் நின்றது.

"குழாயடியில நாசமாப் போயிருவன்னு மண்ணள்ளித் தூத்துனா இருளாயி. இன்னைக்குப் புட்டு குடுக்கறாளா? அன்னைக்கு வாயால சொன்னா, இன்னைக்குக் கையால செஞ்சுட்டா பாத்தியா!" தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி, அந்தப் புட்டத் தின்னியா? வேற என்னத்தத் தின்ன?"

நவமணி அக்காவைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான்.

"புட்டுதான்" என்றாள் நவமணி. "புட்டு மட்டுந்தான் தின்னேன்."

அடப் பாவி! அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்கிறாள், நீ வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்? வாயைத் திறந்தால் என்னடா? பத்துமலை திறக்கவில்லை. விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். ராஜு ஒருமுறை மருந்துக் கையோடு ரொட்டி தின்றுவிட்டு நாலு தடவை வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொண்டானே, அப்படி இவளும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தான். மனிதன் தனக்குச் சௌகரியமானதை எவ்வளவு வேகமாக நம்பிவிடுகிறான்!

விடிந்தபோது அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. காளியம்மா டாக்சி சொல்லியனுப்பியிருந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சீனித்தண்ணீர் கொடுக்கச் சொல்லி விட்டுவிட்டு, நவமணியைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்கள். போகிற இடம் புந்தோங். அங்கே மாயாண்டி என்று ஒருவர், வயிற்றிலிருந்து மருந்து எடுப்பதில் பேர் போனவர். தெலுக் இந்தானிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வருமாம்.

டாக்சி ஈப்போவுக்குள் நுழைந்து பெரியாஸ்பத்திரி வழியாகத்தான் போயிற்று. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, பழக்கடை நின்றது, நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். பத்துமலை காளியம்மா பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஆஸ்பத்திரியில ஒரு வாட்டி காட்டிட்டுப் போலாமா?"

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா தம்பி? வச்ச மருந்து உள்ள இருக்கறப்ப ஊசி போட்டா, அது ரத்தத்துல எறங்கிரும். மொதல்ல எடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று கேட்பது போல வண்டி கொஞ்சம் மெதுவாயிற்று. பத்துமலை மடியில் நவமணியின் தலை இருந்தது. கண்ணை மூடியிருந்தாள். அவன் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அவன் சொல்லவில்லை. டாக்சி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

மாயாண்டி வீட்டில் சாம்பிராணிப் புகை. நவமணியைத் தரையில் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு பித்தளைக் குழலை வைத்து, கன்னம் குழிய உறிஞ்சினார். உறிஞ்சி, தட்டில் துப்பினார். தட்டில் ஒரு மயிர்ச்சுருளும் கருப்பாக ஏதோ கட்டியும் கிடந்தன. "பாத்தீங்களா? பொம்பள கை பட்ட சரக்கு. நல்ல நேரம், வந்துட்டீங்க" என்றார். காளியம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு அழுதாள். பத்துமலை அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அது ஈரல் இல்லை, மானும் இல்லை, காட்டு மருந்தும் இல்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்தும், ஒருவேளை இதுதானோ, இதுவாகவே இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. அந்த நப்பாசையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தண்ணி" என்றாள் நவமணி. கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். குடித்த மறுநிமிஷம் கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. கை ஐஸாகக் குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு வாய் திறந்தது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க! தூக்குங்கன்னா!" என்று அலறினான். காளியம்மா என்னவோ சொன்னாள், காதில் வாங்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் மலாய்க்கார டாக்டர், வயசு குறைந்தவர். நாடியைப் பிடித்தபடியே, "டியா மாக்கான் ஆப்பா?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டாள் என்கிறார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எல்லாரும் கேட்ட அதே கேள்விதான்.

"ராச்சுன், டோக்டோர்" என்றான் பத்துமலை. "ராச்சுன் போக்கோ."

விஷம், மரத்துக்கு வைக்கிற விஷம். மலாயில் சொல்ல அவன் நாக்குக் கூசவே இல்லை. அந்த பாஷையில் அதற்கு வேறு அர்த்தமில்லை. டாக்டர் ஒரு விநாடி அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு நர்ஸைக் கத்திக் கூப்பிட்டார். ஊசி வந்தது, குழாய் வந்தது, நாலு பேர் சுற்றி நின்றார்கள். தமிழ் நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, "நேத்தே கொண்டாந்திருந்தா டாக்டரால ஏதாச்சும் செய்ய முடிஞ்சிருக்கும். இப்ப ஒன்னும் சொல்ல முடியல. என்னா அண்ணே நீங்க?" என்று கேட்டாள். 

மத்தியானம் கொஞ்ச நேரம் நவமணிக்கு நினைவு வந்தது. அவனைக் கிட்டே கூப்பிட்டாள். காதை வாயருகே கொண்டுபோனான்.

"நான் யாருகிட்டயும் சொல்லலய்யா" என்றாள்.

 சாயங்கால மணியடித்துப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விட்டபோது அவள் உயிர் போயிருந்தது.

காளியம்மா சாவுச் சேதி சொல்ல லயத்துக்குப் போய்விட்டாள். டாக்டர் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். ரேஞ்சர் ஸ்கந்தராஜா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரைக் கண்டதும் பத்துமலை பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டுகிறவன் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். மானைக் கொன்றது, ஈரலை எடுத்தது, மிச்சத்தைப் புதைத்தது எல்லாவற்றையும் கொட்டினான். 

"எனக்கேன் சொல்லேல்லை?" என்றார் ரேஞ்சர்.

"பெர்மிட்டு போயிரும்னு பயந்துட்டேங்கய்யா. சீனிய உடும்புக்குக் கப்பல் ஏத்துன மாதிரி..."

"ஆர் சொன்னது? சீனிக்குப் பெர்மிட் முடிஞ்சு போச்சு. வேறை ஒண்டும் இல்லை. அதை நீட்டச் சொல்லி நானே ரெண்டுதரம் கேட்டனான், தரேல்லை. உடும்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "மானை எடுத்ததுக்கு நான் என்ன செய்திருப்பன்? ஏசியிருப்பன். அவ்வளவுதான். நேற்றுப் பின்னேரம் ஓடி வந்திருந்தால், என்ரை ஜீப்பிலை ஏத்தி நானே கொண்டு வந்திருப்பனே. இப்பிடி ஒரு பேயன் இருப்பானோ?"

பத்துமலை நீட்டிய கைகளைக் கீழே விடத் தெரியாமல் நின்றான். பயந்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கக் கூடாதா? கைது செய்யட்டும், கப்பலில் ஏற்றட்டும், காலில் விழுந்தாவது போவான். ஒன்றுமே நடந்திருக்காது என்கிறாரே இந்த மனிதர்!

"பிளவுக்குச் சேறு பூசினீங்களோ?" என்று ரேஞ்சர் கேட்டார். பத்துமலை நீட்டிய கையை மெதுவாகக் கீழே விட்டான். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பிணத்தை அறுத்துப் பார்த்து மறுநாள்தான் கொடுத்தார்கள். லயத்து வாசலில் பந்தல் போட்டு, நவமணியை வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். சாவு வீட்டைவிட எதிர் வீட்டு வாசலில்தான் கூட்டம் அதிகமாக இருந்தது. காளியம்மா தலைவிரி கோலமாக நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"வெளிய வாடி! மருந்து வச்சுக் கொன்னுட்டு உள்ள பதுங்கிக் கெடக்கறியா? பச்சப் பிள்ளக்காரிய முழுங்கிட்டியேடி!"

யாரோ கல்லை எறிந்தார்கள். தகரக் கூரையில் விழுந்து உருண்டது. இருளாயியின் புருஷன் வேலைக்குப் போனவன், திரும்பி வரப் பயந்துகொண்டு எங்கேயோ நின்றான். மூடிய கதவுக்குப் பின்னால் அவளுடைய குழந்தை வீறிட்டது. இந்தப் பக்கம் நவமணியின் பிள்ளையும் வீறிட்டுக்கொண்டிருந்தது. டின்பாலை வாயில் வைத்தால் துப்பியது. கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள், அழுது அழுது அதன் குரல் பூனைக்குட்டிக் குரலாகிவிட்டது.

இன்னொரு கல் கதவில் பட்டது. பத்துமலை எழுந்தான்.

"அக்கா, இருளாயிய விட்டுரு. மருந்து வச்சது நான்."

பக்கத்தில் இருந்தவர்கள் அவன் தோளைப் பிடித்தார்கள். "பொலம்பறான், பாவம். உக்கார வையுங்க, தண்ணி குடுங்க" என்றார்கள்.

"பொலம்பல. காட்டு மருந்து. மரத்துக்கு நான் ஊத்துன மருந்த மானு நக்கியிருக்கு. அந்த மானோட ஈரலத்தான் நான் ஆக்கிப் போட்டேன். அத வெளிய சொன்னா என் வேல போயிரும்னு, புட்டுதான் தின்னேன்னு அவ சொன்னா. எனக்காகச் சொன்னா."

கல் எடுத்தவர்கள் கையைக் கீழே விட்டார்கள். காளியம்மா திரும்பி, நடந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பூண்டு மணத்தப்பவே."

"டாக்சியில போகயில?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரி வாசலத் தாண்டயில?"

"தெரியும்க்கா."

"அந்தாளு கொழல வச்சு உறிஞ்சயில, நான் அழுதுக்கிட்டு நிக்கறேன், நீ தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல நின்ன."

"ஆமாக்கா."

அடிப்பாள் என்று நினைத்தான். அடிக்க வேண்டும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் கை ஓங்கவே இல்லை. பிள்ளையை வைத்திருந்த பெண்ணிடம் போய் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கூட்டம் தானாக விலகிற்று. எதிர் வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்று தட்டினாள்.

"இருளாயி, கதவத் தொற. அடிக்க வரல. பிள்ளைக்குப் பாலு குடு தாயி."

 பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். இருளாயி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.  பிள்ளையைக் காளியம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்தாள்.

பத்துமலையும் பின்னாலேயே வந்திருந்தான். வாசற்படியில் கால் வைக்கப் போனபோது காளியம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"நீ எங்க வார? நீ குடுத்ததெல்லாம் போதும்" என்றாள். "இந்தப் பிள்ளையக் கையால தொடாத."

உள்ளே அழுகை நின்றுவிட்டது. பிள்ளை அவசர அவசரமாகக் குடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. பத்துமலை கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் போய், நவமணி கிடந்த வாங்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள்.